கேன்சர் வார்டில் காண்ட்

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு." பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று மகனோ மகளோ என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். அரசு மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். காப்பீட்டு அட்டைக்கு அலைபவர்களுக்கு வழிகாட்டுவது, சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊருக்குப் போனவர்களைப் போனில் தேடிப் பிடிப்பது என்று வேலை ஓடும். அதற்கு நடுவே யாரிடம் எதைச் சொல்வது என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்தபோது கடமையை அடிப்படையாகக் கொண்ட அறவியல் எங்களுக்குப் பத்து மார்க் கேள்வி. நிறை நாலு, குறை நாலு எழுதினால் மார்க் வந்துவிடும். வார்டில் அவை அப்படி வரிசையாக நிற்பதில்லை. எது அதன் பலமோ அதுவே அடுத்த கட்டிலில் இடிக்கிறது.

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785-ல் எழுதிய ஒரு சிறிய நூலில் இதன் அடித்தளத்தைப் போட்டார். ஒரு செயல் சரியா தவறா என்பதை அதனால் என்ன விளைகிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீ எந்த விதிப்படி நடக்கிறாயோ, அதை எல்லோருக்கும் பொதுவான விதியாக்க உன்னால் விரும்ப முடியுமா என்று பார். எந்த மனிதரையும், உன்னையும் சேர்த்து, வெறும் கருவியாக நடத்தாதே. எனக்கு வேலையில் உதவுவது இந்தக் கடைசி வாக்கியம்தான்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரைப்பையில் புற்று. வீட்டில் 'குடல்புண்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு மதியம் மகன் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான். வாசல்ல இருக்கிற போர்டு படிக்கத் தெரியாதா? பையன் பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்படியே இருக்கட்டும்." அப்பாவுக்காக மகன் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறான், மகனுக்காக அப்பா. கீமோவைத் தொடர்வதா, வீட்டுக்குப் போய்விடுவதா என்று அவருக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஆளே இல்லை. அவர் உடம்பைப் பற்றிய எல்லா முடிவும் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மகன்களிடம் பேசும்போது நான் பலனைச் சொல்லித்தான் பேசுவேன். "அவருக்குத் தெரிஞ்சா சிகிச்சைக்கு ஒத்துழைப்பாரு, சொத்து விஷயம் ஏதாவது இருந்தா பேசி முடிப்பாரு" என்று. கேட்பவர்களுக்கு அது சட்டென்று புரியும். ஆனால் ஒரு பேச்சுக்கு, உண்மை தெரிவதால் எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சொத்து இல்லை, சிகிச்சை இல்லை, மிச்சம் இருப்பது சில வாரங்கள். அப்போதும் அந்த வாரங்கள் அவருடையவைதானே? பலனை மட்டும் கணக்குப் போடுகிற அறவியலிடம் இதற்கு உறுதியான பதில் கிடைக்காது. காண்டிடம் கிடைக்கும்.

நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் 2008-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்துக் காட்டுவேன். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மட்டும் ஒப்புதல் கொடுத்து மயக்கத்தில் படுத்திருந்தார் ஒரு பெண். உள்ளே பார்த்த டாக்டர், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தவறு என்றது. உயிர் போகும் அவசரம் இல்லை. அவர் கண் விழித்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம். வயது வந்த ஒருவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, அந்தப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பானது. தொகை சிறியதுதான். ஆனால் 'நல்லதுக்குத்தானே செஞ்சேன்' என்ற பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கோடு போட்டுக் காட்டியது.

நல்லெண்ணமும் இல்லாமல், ஆராய்ச்சிக் கணக்கு மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வு இருக்கிறது. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த மனிதர்களிடம் சொன்ன நோயின் பெயர் 'கெட்ட ரத்தம்'. மனிதரைக் கருவியாக்கும்போது முதலில் பறிபோவது உண்மைதான் என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

சரி, இவ்வளவு தூரம் காண்டோடு போகிறேன். அப்புறம் 1797 வருகிறது. கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாதா என்று பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் எழுப்பிய ஆட்சேபத்துக்கு, கூடாது, அப்போதும் பொய் கூடாது என்று எழுதினார் காண்ட். இதை என்னால் ஏற்கவே முடியாது. ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதரைக் கொடுத்துவிட்டால், மனிதரைக் காப்பதற்காக வந்த விதி எதற்கு? "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார் வள்ளுவர். நோயாளிகளின் வீட்டார் இந்தக் குறளை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குற்றமற்ற நன்மை என்ற நிபந்தனையோடுதான் அவர் அனுமதிக்கிறார். நடத்துநருக்குச் சொன்ன குடல்புண் கதையில் அந்த நன்மை எங்கே இருந்தது?

கடமைகள் மோதும்போது எது முந்தும் என்று காண்ட் தெளிவாகச் சொல்லவில்லை. வாக்குத் தவறாதிருப்பது, நன்றி, நீதி, பிறருக்குத் தீங்கு செய்யாமை என்று கடமைகள் பல உண்டு, மேலோட்டமாக எல்லாமே நம்மைக் கட்டுப்படுத்தும், மோதும்போது அந்தச் சூழ்நிலையில் எது கனமானது என்று நாம்தான் எடை போட வேண்டும் என்றார் பிரிட்டிஷ் தத்துவவாதி டபிள்யூ. டி. ராஸ், 1930-ல். வார்டுக்கு இதுதான் பொருந்துகிறது. ஆனால் எடை போடும் கை யாருடையது என்ற பயம் எனக்கு உண்டு. வராந்தாவில் நிற்பவர்களின் கைதான் எப்போதும் முந்திக்கொள்கிறது.

பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் கொட்டிவிடுவது வேறு. இதைக் காண்டே தன் வாழ்க்கையில் காட்டியிருக்கிறார். மதம் பற்றி இனி எழுதக் கூடாது என்று பிரஷ்ய மன்னரிடமிருந்து 1794-ல் எச்சரிக்கை வந்தபோது, 'மாட்சிமை பொருந்திய தங்களின் குடிமகனாக' எழுதமாட்டேன் என்று பதில் கொடுத்தார். மன்னர் 1797-ல் இறந்ததும், அந்த வாக்கு அவர் ஆயுள்வரைக்கும்தான் என்று சொல்லி மறுபடி எழுதினார். பொய் இல்லை; முழுவதும் சொல்லவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு, எல்லாத்தையும் என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்று சொன்ன பாட்டிமார்களும் எங்கள் வார்டில் உண்டு. அவர்களைப் பிடித்து உட்கார வைத்து உண்மையைச் சொல்வது மரியாதை ஆகாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தது அவர்கள். நடத்துநரிடம் அதைக்கூட யாரும் கேட்கவில்லை. அதனால்தான் புதிதாக வரும் பயிற்சி மாணவர்களிடம், வீட்டாரிடம் பேசுவதற்கு முன் நோயாளியிடம் "உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுக்க விரும்புறீங்களா, எவ்வளவு தெரியணும்?" என்று கேளுங்கள், அவர் சொன்ன பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

கடமைக்காக மட்டும் செய்வதில் ஈரம் இல்லை என்பது இன்னொரு குறை. மருத்துவமனையில் படுத்திருக்கும் உங்களைப் பார்க்க நண்பர் வருகிறார், மனம் குளிர்கிறது, அப்புறம்தான் தெரிகிறது அவர் கடமை என்பதற்காக மட்டும் வந்தார் என்று. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தத்துவவாதி மைக்கேல் ஸ்டாக்கர் 1976-ல் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, எழுந்திருக்க முடியாத ஒருவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் நர்ஸைப் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளி எல்லோரையும் வாயில் வந்தபடி திட்டுபவர். அவர் மேல் அன்பு இருந்திருக்க வாய்ப்பே இல்லை. பிரியத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த முதுகு என்ன ஆகியிருக்கும்?

காண்ட் எனக்கு முற்றிலும் கைவிரிப்பது யோசிக்கும் திறனே போய்விட்டவர்களிடம். அவருடைய அறம் பகுத்தறியும் மனிதரை வைத்துக் கட்டியது. மூளைக்குப் புற்று பரவிய ஒரு அம்மா, என்றோ இறந்துபோன கணவரைச் சாயங்காலமானால் தேடுவார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் செத்ததுபோல அழுவார். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். "வந்துடுவாரும்மா, நீங்க சாப்பிடுங்க" என்று நர்ஸ் சொல்வார். அது பொய்தான். நானும் அதையே சொன்னேன், சொல்வேன்.

அதே வாரம் அந்த அம்மாவின் உறவினர் ஒருவர் பத்திரத்தோடு வந்தார். கைநாட்டு வாங்கிக்கொள்கிறோம், 'சுயநினைவுடன் இருக்கிறார்' என்று டாக்டரிடம் ஒரு சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றார். வீட்டுக்கு நல்லதுதான், பின்னாடி கோர்ட்டு கேஸ் வராது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். டாக்டரும் கொடுக்கவில்லை.