விமானிகளின் ஒப்பந்தமும் கவுண்டரில் நின்ற நாங்களும்

விமானிகள் புது ஒப்பந்தம் கேட்டு மல்லுக்கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால் கொழும்பில் முதலில் வருவது கோபம்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு ஒருவர் டுபாயிலோ லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிறார், யாரையாவது ஏற்றவோ இறக்கவோ 187 பஸ்ஸிலோ வேன் பிடித்தோ கட்டுநாயக்க விமான நிலையம் போய்வராத குடும்பம் குறைவு, அதனால் பிளேன் பிந்தினால் அது எல்லாருக்கும் சொந்தப் பிரச்சினை. "இவ்வளவு சம்பளம் எடுக்கிறவனுக்கு இன்னும் என்ன வேணுமாம்?" என்று கேட்பார்கள். நான் செக்-இன் கவுண்டரில் பல வருஷம் நின்றவள், எங்கள் தொழிற்சங்கக் கமிட்டியிலும் இருந்தேன், அந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே வாங்கியிருக்கிறேன். அப்படி வாங்கிக்கொண்டும் விமானிகள் பக்கம் நின்றது சரி என்றே இன்றைக்கும் சொல்வேன்.

நான் வேலை செய்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு வருஷம் அங்கே விமானிகள் புது ஒப்பந்தம் கேட்டார்கள், ஆனால் ஸ்ட்ரைக் செய்யவில்லை. லீவு நாளில் போன் அடித்து "ஒரு டூட்டி எடுங்களேன்" என்று கேட்டால் மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். சட்டப்படி வேலை என்று நாங்கள் சொல்வோமே, அது. ஆனால் போதிய ஆள் எடுக்காமல், லீவில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டே ஓட்டிவந்த ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை, அது, ஒரு கிழமைக்குள் சரிந்துவிட்டது. அவர்களுடைய கோரிக்கையில் சம்பளமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதிகம் இழுபட்டது ஓய்வு விஷயம்தான்: இரவுப் பயணம் முடித்து வந்தவருக்கு அடுத்த டூட்டிக்கு முன் எவ்வளவு இடைவெளி, ஸ்டேண்ட்பையில் வீட்டில் காத்திருக்கும் நேரம் வேலையாகக் கணக்கில் வருமா வராதா, ரோஸ்டரை எத்தனை நாளுக்கு முன் கையில் தரவேண்டும். ஐரோப்பிய விதிகளில் ஒரு விமானி 28 நாளில் 100 மணிநேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று எல்லை இருக்கிறது. அந்த எல்லையையே இலக்காக வைத்து ரோஸ்டர் போட்டால் மனிதர் தாங்கமாட்டார் என்பதைக் கவுண்டரில் இருந்த எங்களாலேயே பார்க்க முடிந்தது. அதிகாலை ஷிஃப்டில் எங்களுக்கு முன்னால் நடந்துபோகும் அவர்களுடைய முகம் போதும்.

சரி, கவுண்டரில் என்ன நடந்தது? ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்டும் ஒப்பந்தமும், அங்கே அழைத்துப்போக வருகிறவர் காத்திருப்பாரா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சில பயணிகள் கத்தினார்கள், ஒருவர் டிக்கெட்டைச் சுருட்டி எறிந்தார். அந்த நேரத்தில் மேலே இருந்து ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது: யார் கேட்டாலும் "விமானிகளால் தாமதம்" என்று சொல்லுங்கள்.

அன்றிரவே கமிட்டி கூடியது. பெட்டி ஏற்றும் லோடிங் பகுதியில் இருந்த ஒரு தம்பி கொதித்துப்போய் இருந்தான். "அக்கா, அவங்க எப்பவாவது எங்கட ரெஸ்ட் ரூம் எப்பிடி இருக்கு எண்டு வந்து பார்த்திருக்காங்களா? அவங்களுக்காக நாங்க ஏன் ஏச்சு வாங்கணும்?" என்றான். அவன் கேட்டதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. விமானிகளுக்குத் தனி வண்டி, தனி சங்கம், தனிப் பேச்சுவார்த்தை, எங்களைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி. இருந்தாலும் நான் அவனிடம் கேட்டது இதுதான்: இன்றைக்கு நீ அவர்களைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த வருஷம் எங்கள் ஒப்பந்தம் வரும்போது அவர்கள் யாரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்? நீண்ட விவாதத்துக்குப் பிறகு, கவுண்டரில் யாரும் விமானிகளைக் குற்றம் சொல்வதில்லை, ரோஸ்டருக்கு ஆள் போதவில்லை என்ற உண்மையை மட்டும் சொல்வது, எங்கள் ஷிஃப்டுக்கு மேல் கட்டாய ஓவர்டைம் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். முகாமைத்துவத்துக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த வருஷம் எங்கள் முறை. ஓவர்டைமை மறுத்த லோடர்களுக்குப் பதிலாக ஒப்பந்தக்காரர் மூலம் புது ஆட்களை இறக்கினார்கள், ஒரு நாள் பயிற்சி கூட இல்லை. இங்கேதான் விமானிகள் செய்ததை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் லோட் ஷீட் என்று ஒன்று உண்டு, எந்தக் கிடங்கில் எவ்வளவு பாரம், எடை எப்படிப் பிரிந்திருக்கிறது, விமானத்தின் ஈர்ப்புமையம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும், கப்டன் ஏற்றுக்கொள்ளாமல் விமானம் நகராது. அவர்கள் ஊர்வலம் வரவில்லை, பதாகை பிடிக்கவில்லை. ஏற்றியவர் பயிற்சி பெற்றவரா, யார் மேற்பார்வை பார்த்தார் என்று ஒவ்வொரு கப்டனும் கேட்டார், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கிடங்கைத் திறந்து திரும்பச் சரிபார்க்கச் சொன்னார். அது அவர்களுடைய கடமை, யாரும் அதற்காக அவர்களைத் தண்டிக்க முடியாது. சில நாளில் எங்களோடு பேச அழைத்தார்கள். கோபத்தில் இருந்த அந்தத் தம்பி அப்புறம் விமானிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லி நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். 1983 ஓகஸ்டில் கொன்டினென்டல் எயார்லைன்ஸின் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விமானிகள் அவர்களைத் தாண்டிப்போய் விமானத்தை ஓட்டினார்கள். செப்டம்பரில் கம்பெனியின் முதலாளி பிராங்க் லொரென்ஸோ திவால் மனு போட்டு எல்லா ஒப்பந்தங்களையும் தூக்கி எறிந்தார், விமானிகளின் சம்பளம் ஏறத்தாழ பாதியானது. ஒக்டோபரில் விமானிகள் ஸ்ட்ரைக் செய்தபோது காலம் கடந்துவிட்டது, வேறு ஆட்களை வைத்து விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அதே லொரென்ஸோ பிறகு ஈஸ்டர்ன் எயார்லைன்ஸையும் வாங்கினார். 1989 மார்ச் 4 அன்று அங்கே மெக்கானிக்குகள் வெளியேறியபோது இந்தமுறை விமானிகளும் விமானப் பணியாளர்களும் கூடவே நின்றார்கள். ஆனால் விமானிகள் நவம்பரில் அந்த ஆதரவை முடித்துக்கொண்டார்கள், ஈஸ்டர்ன் 1991 ஜனவரியில் மூடப்பட்டது. சேர்ந்து நின்றால் வெற்றி நிச்சயம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். கொன்டினென்டலில் முதல் நாளே சேர்ந்து நின்றிருந்தால் அந்த மனிதர் ஈஸ்டர்ன் வரைக்கும் வந்திருப்பாரா என்பதுதான் என் கேள்வி.

நமக்கு வெளியே போக வேண்டியதும் இல்லை. 1980 ஜூலையில் இங்கேயே 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களில் சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள், ஆளும் கட்சியின் சங்கம் எதிர்ப்பக்கம் நின்றது. அந்தப் பயம் இன்னும் எங்கள் அப்பாமார் பேச்சில் இருக்கிறது. மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1000 ரூபா என்ற கோரிக்கை இழுபட்ட கதையும் உங்களுக்குத் தெரியும், 2021 இல் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை ஊடாக அது வந்ததும் தோட்டக் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தையே விட்டு விலகிவிட்டன.

சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, அதை நம் ஆட்கள் போதிய அளவு பேசுவதில்லை. 1999 இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அந்த ஊழியர்களில் 40 வீதம் பேர் அதில் அங்கத்தவராக இருந்தால் முதலாளி பேச மறுக்க முடியாது. விமானிகளுக்கு இது சுலபம், ஒரே தொழில், ஒரே சங்கம். தரையில் இருக்கிற நாங்கள் கட்சிக்கு ஒரு சங்கமாகப் பிரிந்திருந்தோம், நீலம் பச்சை சிவப்பு என்று, எந்தச் சங்கமும் 40ஐத் தொடவில்லை. எங்களைப் பேச அழைத்ததே தயவு போல இருந்ததற்குக் காரணம் இதுதான், சங்கத் தலைவர்கள் இதைத் தெரிந்துகொண்டே பிரிந்திருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சங்கத்தில் இருக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது ஒப்பந்தம் முடிகிற தேதியைப் பாருங்கள் என்பதுதான். விமானிகளுடையது ஒரு வருஷம், விமானப் பணியாளர்களுடையது இன்னொரு வருஷம், தரை ஊழியருடையது மூன்றாவது வருஷம் என்று இருந்தால் முகாமைத்துவம் ஒவ்வொருவராகப் பேசி முடிக்கும். அமெரிக்கக் கார்த் தொழிலாளர் சங்கம் 2023 இல் தன் ஒப்பந்தங்களை 2028 ஏப்ரல் 30 இல் முடியும்படி எழுதிவிட்டு, மற்றச் சங்கங்களையும் அதே நேரத்துக்கு வரச்சொல்லி அழைத்தது. கட்டுநாயக்கவில் இதைச் செய்யமுடியாது என்பதற்கு இதுவரை யாரும் எனக்கு ஒரு நல்ல காரணம் சொல்லவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எல்லா ஒப்பந்தமும் ஒரே தேதியில் முடியவேண்டும் என்ற அந்த ஒரு வரியை விமானிகள் சங்கத்திடம் கொண்டுபோங்கள், லோட் ஷீட்டைத் திரும்பப் பார்த்த கப்டன்கள் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.