யார் கட்டிய பெல்ட்

ஜூன் 3
அப்பாவுக்கு மூன்று வாய் கஞ்சி. இடது கடைவாயில் பாதி வழிந்துவிட்டது.

ஜூன் 4
ராத்திரி முழுக்க அப்பா வலது கையால் போர்வை ஓரத்தை விரல் விரலாக நகர்த்திக்கொண்டே இருந்தார். உதடு எண்ணியது. 115 வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து. "வலி போல, மாத்திரை குடு" என்றாள் அம்மா. வலி இல்லை, பெல்ட் கட்டுகிறார். விமானப்படையில் அவர் செய்த வேலை அது, போர் விமான கன்னுக்குக் குண்டுகளைச் சரமாகக் கோப்பது. நாட் என்ற சின்னப் போர் விமானத்தில் இரண்டு கன், ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. பெல்ட்டில் ஒரு குண்டு கோணலாக உட்கார்ந்தாலும் மேலே போய் அடைத்துக்கொள்ளும் என்பார். அம்மா கட்டும் பூச்சரத்தைக்கூட விரலால் நீவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

ஜூன் 5
பிசியோதெரபி தம்பி வரவில்லை. போன் எடுக்கவும் இல்லை.

ஜூன் 7
பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. யாரும் கேட்காமலே போய்ரா கதை, கிழக்கு பாகிஸ்தான் எல்லையில் நடந்த வான்சண்டை.

1971 நவம்பர் 22. போர் என்று அறிவிக்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. கல்கத்தா தம்தம்மிலிருந்து நான்கு நாட் மேலே போயின. பைலட்டுகள் மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ். எதிரே பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள். கணபதி வயர்லெஸ்ஸில் "மர்டர், மர்டர், மர்டர்" என்றாராம், அடித்துவிட்டேன் என்பதற்கு அதுதான் குறிச்சொல். இரண்டு சேபர் விழுந்தன. மாசிக்கு நடுவில் ஒரு கன் அடைத்துக்கொண்டது.

அப்பா அங்கேதான் நிற்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக.

"பட்டனை அழுத்தினா நொடிக்கு இருபது குண்டு. ஆறு நொடியில பெட்டி காலி. அந்த ஆறு நொடிக்குத்தான் நாங்க ராப்பகலா பெல்ட் கட்டினோம். நாலு பேரு கட்டினோம். கட்டினதை ஒண்ணா அடுக்கி வச்சோம். யாருது எதுல போச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

விமானம் வேகமாகத் திரும்பும்போது ஜி என்கிற அழுத்தம் ஏறும், பெல்ட் பல மடங்கு கனக்கும், இழுபடாமல் நிற்கும், கட்டினவர் குற்றம் அல்ல என்று நான் படித்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஏற்கவில்லை. மேலே ஒருத்தர் சேபருக்குப் பின்னால் போய்ப் பட்டனை அழுத்துகிறார், ஒரு கன்னிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த நொடியை அப்பா பைலட்டுக்குப் பதிலாகத் தானே அனுபவிக்கிறார் என்று நினைக்கிறேன். வேறொரு நாள் இறங்கிய ஒரு பைலட்டைப் பற்றியும் சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததாம். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி கீழே சிந்தியதாம்.

ஜூன் 8
பெங்களூரா மாங்காய்க்கு விலை பேச ஆள் வந்தார். அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 10
பார்க்க வந்த சொந்தக்காரர், "சித்தப்பா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று சிரித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் காபிகூடப் போடவில்லை.

அன்று விழுந்த சேபர் ஒன்றின் பைலட் பர்வேஸ் குரேஷி பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார். 1997இல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. சாயங்காலம் இதை நினைவுபடுத்தினேன். அப்பா அழுதார். எப்போதும் இந்த இடத்தில்தான் அழுவார்.

ஜூன் 11
காய்ச்சல் 101.

ஜூன் 12
காய்ச்சல் இறங்கவில்லை. நடுராத்திரி "யாரு கட்டினது?" என்றார். "நீங்க கட்டினது நல்லா சுட்டுச்சுப்பா" என்றேன். என்னையே பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு என்ன தெரியும்?

ஜூன் 13
இடது சுண்டுவிரல் அசைந்தது. நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை.

ஜூன் 14, விடிகாலை
மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் காவேரிப்பட்டணம் தாண்டிவிட்டதாம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை, பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் பையில் வைத்துவிட்டேன். போர்வையை மட்டும் விடமாட்டேன் என்கிறார். நாற்பதுக்கு மேல் எண்ண வரவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து