நீங்க சொன்னா செய்றேன் சார்

ஒரு வீட்டில் புல்தரையோடு தோட்டம் போடும் வேலையில், மேஸ்திரி அன்று காலை சொன்னது இந்த நாலு வார்த்தைதான். சம்மதமா, எச்சரிக்கையா, இல்லை பொறுப்பை என் தலையில் இறக்கி வைத்தாரா? எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சாண் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பதமான மண் என்றால் உதிர வேண்டும். இது உதிரவில்லை, விரல் ரேகையோடு பள்ளம்தான் விழுந்தது. உருண்டையை என் முன்னால் நீட்டி, "தோட்டம் போடப் போறமா, நாத்து நடப் போறமா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "பலகை போட்டு அது மேல வண்டிய ஓட்டிக்கலாம் அண்ணே" என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

நாலு நாள் கொட்டிய மழை முந்தைய இரவுதான் விட்டிருந்தது. மூன்று நாளில் மறுபடி மழை என்று கணிப்பு. மணல் பாங்கான இடமாக இருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும். இது களிமண், மூன்று நாளில் ஆறாது. அது காய்ந்து பதத்துக்கு வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். கொட்டி வைத்த மேல்மண், தார்ப்பாய் எட்டாத பக்கம் ஏற்கெனவே கரைய ஆரம்பித்திருந்தது. புல் பத்தைகளும் வந்து இறங்கிவிட்டன. சுருட்டிய புல் ரொம்ப நாள் தாங்காது, உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும். வீட்டுக்காரர் வேறு தினமும் இரண்டு முறை போன் செய்துகொண்டிருந்தார். எழுதும்போதும் எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மழைக்காலம் என்று தெரிந்தே புல்லுக்கு ஆர்டர் கொடுத்தது யார்? நான்தான்.

மேஸ்திரியின் கிண்டலில் விஷயம் இருந்தது. நெல் வயலில் சேறடிப்பதே மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, துளைகளை அடைத்து, தண்ணீர் கீழே இறங்காமல் நிறுத்தத்தான். நான் அதே காரியத்தை மண் அள்ளிப் போடும் ஒரு சின்ன லோடர் வண்டியை வைத்துப் புல்தரைக்குச் செய்தேன். பலகைகள் ஒரு மணி நேரம் நின்றன. அப்புறம் சேற்றில் அமுங்க ஆரம்பித்தன. மதியத்துக்கு மேல் பார்த்தால் அவை சுவரோரம் சாய்ந்து கிடந்தன. பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை. வண்டி ஒரே தடத்தில்தானே போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். முதல் சில நடையிலேயே மண் பெரும்பாலும் இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியாததில்லை.

ஒன்று மட்டும் இப்போதும் உறுத்துகிறது. பேவர் கல் பதிக்கும் பாதை வேலையை அன்று நானாகவே நிறுத்தி வைத்தேன். அடிமண் ஈரமாக இருக்கும்போது தரையை அதிர வைத்து இறுக்கும் மெஷினை ஓட்டினால் ஜல்லிக்கு நடுவே சேறு பொங்கி மேலே வரும். எல்லோர் கண்ணிலும் படும். புல்லுக்கு அடியில் நடப்பது யார் கண்ணிலும் படாது. அதனால்தான் புல் வேலையை மட்டும் தொடர்ந்தேனா? அப்படி யோசித்த ஞாபகம் இல்லை. யோசிக்கவில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடித்த அன்று தோட்டம் பிரமாதமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். வாட்டம் சரியாகவே இருந்தது, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. ஆனாலும் லோடர் போன தடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி, புல் பழுத்திருந்தது. பத்து செ.மீ.க்குக் கீழே மண் சாம்பல் நிறத்தில் தட்டு மாதிரி இறுகி, அழுகிய நாற்றம் அடித்தது. கடப்பாரையால் நெடுக ஓட்டை போட்டு, மட்கிய உரம் நிரப்பினோம். ஓரளவுக்குத் தேறியது. ஒரு மரக்கன்றும் பட்டுப்போயிருந்தது. பிடுங்கினால் குழியின் சுவர் வழித்துப் பூசிய மாதிரி வழவழவென்று இருந்தது. ஈரத்தில் மண்வெட்டி இழுத்த பூச்சு அது. வேர் அதைத் தாண்டவே இல்லை.

ஆனால் அதே நாளில், அதே மாதிரிக் குழியில் வைத்த இன்னொரு கன்று தளதளவென்று நிற்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வேலையில் ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் மழை. வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அவர் சேற்றிலேயே இறங்கி முடித்தார். ரோட்டில் போகும்போது எட்டிப் பார்த்தேன், புல் பச்சையாகத்தான் இருக்கிறது. எங்காவது மஞ்சள் தெரிகிறதா என்று வண்டியை நிறுத்தித் தேடினேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

மேஸ்திரியிடம் ஒரு முறை கேட்டேன், "அன்னிக்கு ஏண்ணே அழுத்திச் சொல்லல?" "காட்டினேனே சார்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

போன வாரம் மறுபடி மேகம். புது இடம், அதே களி. அவர் மண்ணைப் பிடித்து உருட்டினார், ஆனால் விரல் வைக்கவில்லை. உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அழுத்தினேன், இரண்டாக உடைந்தது. மண் பதமாகிவிட்டதா, இல்லை நான் கொஞ்சம் ஓங்கி அழுத்தினேனா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.