நாங்கள் வென்ற சனிக்கிழமை

கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் நாங்கள் மூன்று பேரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தோம். கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திய மருமகன், "மாமா, யார் அந்த ன்சாமே?" என்று கேட்டான். ரியல் மட்ரிட் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள்வரை அவனுக்கு மனப்பாடம். ஸான்-பியர் ன்சாமே என்ற பெயர் மட்டும் காதில் விழுந்ததில்லையாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினோம். பாவம் பிள்ளை, கைபேசிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டான்.

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவில் தீர்த்தத்துக்கென்று சுவிஸின் பேர்ண் நகரத்திலிருந்து ஒன்றாக வந்திருந்தோம். ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி. மற்றவர் வாழைச்சேனைக்காரர், முப்பது வருடமாக நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். பேர்ண் உதைபந்தாட்ட அணியின் முக்கியமான ஆட்டம் நடந்த 2018 ஏப்ரல் 28 மாலை யார் எங்கே நின்றோம் என்பதுதான் தகராறு. மச்சான் வாங்க்டோர்ஃப் மைதானத்துக்குள் இருந்தான். அவனிடம் டிக்கெட்டின் அரைத் துண்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. அண்ணன் அன்று தொலைவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டிய கண்ணாடியைத் தாண்டி மைதானத்தின் சத்தம் தனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்கிறார். வருடாவருடம் அந்தக் கட்டடம் மைதானத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்துகொண்டிருக்கிறது என்பது மச்சானின் குற்றச்சாட்டு.

நான் அன்று சமையலறையில் நின்றேன். சுவிஸில் என் வாழ்க்கையில் நடந்த முக்கியமான காரியங்கள் எல்லாம் ஏதோ ஒரு சமையலறையில் வைத்துத்தான் நடந்திருக்கின்றன.

யங் போய்ஸ் என்பது பேர்ணின் உதைபந்தாட்டக் கழகம். 1898இல் தொடங்கியது. பாசல் நகரில் ஏற்கனவே ஓல்ட் போய்ஸ் என்று ஒன்று இருந்ததால் இவர்கள் தங்களை இளைஞர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். மஞ்சளும் கறுப்பும் நிறம். ஊரில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, "ஈபே" என்பார்கள். நான் போய்ச் சேர்ந்த 1991ஆம் ஆண்டின் குளிரில் எனக்கு இது எதுவும் தெரியாது. அகதி விண்ணப்பகாரருக்குரிய N அட்டையும், யாரோ கழித்துவிட்ட மேலங்கியும், பாத்திரம் கழுவும் வேலையும்தான் என்னிடம் இருந்தன.

உதைபந்தாட்டம் எனக்குப் புதிதல்ல. 1986இல், பன்னிரண்டு வயதில், கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் மரடோனாவைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதம் எங்கள் ஒழுங்கை முழுவதும் ஆர்ஜென்டீனா. அடுத்த உலகக் கிண்ணம் 1990 ஜூன் 8இல் இத்தாலியில் தொடங்கியது. ஜூன் 11இல் மட்டக்களப்பில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. அதை யார் வென்றார்கள் என்பதே எனக்கு சுவிஸுக்கு வந்த பிறகுதான் தெரியும். அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒருவர், "ஜெர்மனி" என்றார், பழைய சாவுச் செய்தி சொல்வதைப்போல.

உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் ஒரு பேர்ண்காரர். மாட்டைப்போல உடம்பு, சிறு பிள்ளையின் கோபம். மொழி வகுப்பில் நான் உருளைக்கிழங்குக்கு "கார்ட்டோஃபல்" என்று படித்துக்கொண்டு வந்து நின்றால் அவர் "ஹேர்டோப்ஃபு" என்று கத்துவார். வகுப்பில் கற்பித்த ஜெர்மன் ஒன்று, சமையலறையில் பேசிய பேர்ண் மொழி வேறொன்று. இரண்டாவதை நான் கற்றது முழுக்க முழுக்க உதைபந்தாட்டத்தின் வழியாகத்தான். திங்கட்கிழமை காலையில் கரட் சீவிக்கொண்டே அவர் ஞாயிறு ஆட்டத்தைத் திட்டுவார். நான் தலையாட்டுவேன். கெட்ட வார்த்தைகளில் தொடங்கி மெல்ல மெல்லப் பெயர்ச்சொற்களுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தத் திட்டு எப்போதும் ஒரே இடத்தில் போய் முடியும்: 1986. அந்த வருடம்தான் ஈபே கடைசியாக சுவிஸ் சாம்பியன் ஆனது. டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் லுண்டே அடித்த கோல்களை அவர் கரண்டியால் மேசையில் வரைந்து காட்டுவார். எனக்கும் ஒரு 1986 இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வினைச்சொல் போதவில்லை. அவருடைய 1986ஐ நூறு தடவை கேட்டேன். என்னுடையதை அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. வந்து குடியேறுகிறவன் முதல் பத்து வருடம் மற்றவர்களுடைய ஞாபகங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. யாராவது, "அந்தக் கடை முன்பு இருந்த இடத்தில்" என்று வழி சொன்னால் நமக்கு வழி தெரியாது.

என்னைப் பழைய வாங்க்டோர்ஃப் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். 1954 ஜூலை 4இல் உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்த இடம். ஹங்கேரியை ஜெர்மனி 3–2 என்று வென்றது, கொட்டும் மழை. நான் போன அன்றும் மழைதான், ஆட்டக்காரர்களின் திறமையில்தான் வித்தியாசம். தொண்ணூறுகளின் கடைசியில் ஈபே இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. 2001இல் மைதானத்தையும் இடித்தார்கள். 2005இல் திறந்த புதிய மைதானத்துக்கு வெளியே பழைய கடிகாரத்தை மட்டும் நினைவுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பேர்ணில் ஒரு வினைச்சொல் உண்டு: "ஃபெர்யங்போய்சன்". கைக்கு வந்ததைக் கடைசி நேரத்தில் கோட்டை விடுவது என்று பொருள். ஒரு கழகத்தின் பெயரையே தோல்விக்கு வினைச்சொல்லாக்கிய ஊர் வேறெங்கும் இருக்குமோ, எனக்குச் சந்தேகம். சும்மா வரவில்லை அந்தச் சொல். 2009இல் சொந்த மைதானத்தில் கிண்ண இறுதியாட்டம். சியோன் அணிக்கெதிராக 2–0 என்று முன்னிலையில் இருந்து, 2–3 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் பருவத்தின் பெரும்பகுதி முதலிடத்தில் இருந்துவிட்டு, 2010 மே 16இல், கடைசி நாளில், அதே மைதானத்தில் பாசலிடம் 0–2. அன்றிலிருந்து பாசல் தொடர்ந்து எட்டு முறை சாம்பியன். அந்த ஞாயிறு இரவு சமையல்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சூப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது, யாரும் சொல்லவில்லை.

அவரைப் பார்த்தால் எனக்கு அம்மப்பாவின் ஞாபகம் வரும். அம்மாவின் ஊர் படுவான்கரையில். கண்ணகி அம்மன் சடங்கையொட்டி அந்தப் பக்கம் கொம்புமுறி விளையாட்டு நடக்கும். ஊரே இரண்டாகப் பிரியும்: கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. இரண்டு வளைந்த கொம்புகளைக் கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியும் இழுக்கும். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். தோற்றவர்களை வென்றவர்கள் ஏசிப் பாடுவார்கள்; கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். அம்மப்பா வடசேரி. "நாங்கள் அவர்களுடைய கொம்பை முறித்த வருடம்" என்று தொடங்கினாரென்றால் சோறு ஆறிவிடும். ஒருநாள் கணக்குப் பார்த்தேன். அவர் சொன்ன வெற்றிகளில் ஒன்று அவர் பிறப்பதற்கு முன்னர் நடந்தது. "அப்போது நீங்கள் எங்கே அம்மப்பா?" என்று கேட்டதற்கு, "நாங்கள் என்றேனே தவிர நான் என்றேனா?" என்றார்.

பேர்ணில் எனக்கு அந்த "நாங்கள்" வாயில் வரவில்லை. N அட்டை போய், B வதிவிட அட்டை வந்து, C நிரந்தர வதிவிட அட்டை வந்து, ஒரு காலத்தில் சிவப்புக் கடவுச்சீட்டும் வந்தது. "நேற்று ஈபே தோற்றுவிட்டது" என்றுதான் சொல்வேன். சமையல்காரர், "நாங்கள் தோற்றுவிட்டோம்" என்பார்.

2018க்கு வருகிறேன். சனிக்கிழமை; உணவகத்தில் வழக்கமாகக் கூட்டம் நெரியும் நாள். அன்று இரண்டு மேசைதான். லுசேர்ன் அணியை வென்றால் சாம்பியன். அதற்குள் ஓய்வுபெற்றிருந்த சமையல்காரர் இரண்டாம் பாதியில் பின்கதவால் உள்ளே வந்தார், கழுத்தில் மஞ்சள் கறுப்புச் சால்வை. வீட்டில் தொலைக்காட்சி பார்க்கத் தைரியமில்லையாம். தான் பார்த்தால் தோற்றுவிடும் என்பது அவரது கணக்கு. வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வானொலியைச் சின்னதாக வைத்தேன்.

ஆட்டம் 1–1இல் நிற்கும்போது லுசேர்னுக்குத் தண்டனை உதை. சமையல்காரர் அந்த வினைச்சொல்லை முணுமுணுத்தார். ஈபேயின் கோல் காப்பாளர் மார்கோ வொல்ஃப்லி. 2010இல் பாசலிடம் தோற்ற அன்றும் கோலில் நின்றவர் அவரேதான். பிறகு இடம் பறிபோய், மாற்று ஆளாக உட்கார்ந்திருந்து, முதல் காப்பாளர் காயப்பட்டதால் அந்த வசந்தத்தில் மறுபடி உள்ளே வந்தவர். முப்பத்தைந்து வயது. தடுத்துவிட்டார்! வானொலி அறிவிப்பாளரின் குரல் உடைந்தது. நான் கையிலிருந்த தட்டைக் கழுவித் துடைத்து மறுபடியும் கழுவினேன்.

89ஆவது நிமிடம். ன்சாமே அடித்தார். வானொலி சொல்லி முடிப்பதற்குள் தெருவில் சத்தம். இரண்டு மேசை வாடிக்கையாளர்களும் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த மனிதர் வெங்காயப் பெட்டியிலிருந்து எழுந்து என் தோளில் முகத்தை வைத்து விம்மினார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அது வெங்காயம்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவை அழைத்தேன். இலங்கை நேரம் மூன்றரை மணி முன்னால். இங்கே கல்லடியில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டு அழைப்பு என்றால் ஒரு தாய்க்கு என்ன தோன்றும் என்பதை அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனேன்.

"யாருக்கு என்ன மகன்?"

"ஒன்றுமில்லை அம்மா. நாங்கள் வென்றுவிட்டோம்!"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்த வருடம் பெப்ரவரியில்தான் இங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருந்தது. "அங்கேயும் தேர்தலா?" என்றார். இல்லை, பந்தாட்டம் என்றேன். "நாங்கள் என்றால் யார்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல், "பேர்ண்" என்றேன். "ஓ" என்றார். நித்திரை கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் கிண்ண இறுதியாட்டத்தில், அதே மைதானத்தில், சூரிச் அணியிடம் 1–2 என்று தோற்றோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வினைச்சொல்லுக்கு வேலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் பிறகு 2019, 2020, 2021, 2023, 2024 என்று ஐந்து தடவை வென்றோம். பேர்ணில் பிறந்த என் மகளுக்கு ஈபே என்றாலே வெல்கிற அணி. 2018 பற்றி நான் வாயைத் திறந்தால் காதில் கருவியை மாட்டிக்கொள்கிறாள். நான் கரட் சீவிக்கொண்டே 1986ஐக் கேட்டவன், என்னிடம் கருவி இருக்கவில்லை.

இதையெல்லாம் விறாந்தையில் சொல்லி முடித்தபோது மருமகன் போய்விட்டிருந்தான். உள்ளேயிருந்து அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார்.

"அன்று நான் நித்திரையில் இருக்கவில்லை," என்றார். "விடிந்தால் சித்திரா பௌர்ணமி. கோவிலில் கஞ்சி. பயறு வறுத்து வைத்துவிட்டு அப்போதுதான் பாயில் சாய்ந்தேன்."

அண்ணனுக்குப் புதுத் தெம்பு வந்துவிட்டது. "அம்மா, நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டதுதானே?"

"கேட்காமல்? தொலைபேசியில் முதல் இரண்டு நிமிடமும் இவன் அழுத சத்தம்தான் கேட்டது."