வால்பாறையில் நாலு நாள்

நவம்பர் 22, 2024, வெள்ளி

பொள்ளாச்சியில் டிக்கெட் கொடுக்கும்போதே கண்டக்டர் கேட்டார், "வளைவுல வாந்தி கீந்தி வருங்களா?" எனக்கெல்லாம் வராது என்றேன்.

ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40. ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ பக்கம், தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு. நம் மாநில விலங்கு. டிரைவர் ஹாரன் அடித்தும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாவதில் என் வீறாப்பு ஜன்னல் வழியாக வெளியேறியது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்க மஞ்சு. எட்டு மணிக்கே தெருவில் ஆள் இல்லை. ஆகா, இந்த அமைதிக்குத்தானே வந்தேன் என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டேன்.

நவம்பர் 23, சனி

தேயிலைத் தோட்டம் என்றாலே பச்சைக் கம்பளம் என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இன்று ஒரு செடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மேலேதான் பச்சை. உள்ளே கிழவி விரல்கள் மாதிரி முறுக்கிய அடிமரம், மேலெல்லாம் சாம்பல் பாசி. விட்டால் மரமாகப் போகிற ஜாதி. சில வருடத்துக்கு ஒருமுறை கவாத்து அடித்து, இடுப்பு உயரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வரிசையாகப் பெண்கள், இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, கையில் கத்திரி. கத்திரியோடு சேர்த்து ஒரு பெட்டி. வெட்டிய கொழுந்து அதில் விழும், நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் சாக்கில் கொட்டுவார்கள். "ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கையால கிள்ள மாட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"கிள்ளலாம் தம்பி. கிள்ளிட்டே நின்னா சாயங்காலம் எடை எங்கிருந்து வரும்?"

அவர் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டு, தூக்கினேன். உடனே கீழே வைத்துவிட்டேன். நல்லவேளை, யாரும் சிரிக்கவில்லை. "காலைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கணுக்காலில் மூன்று அட்டைகள், ஒன்று குடித்துக் கொழுத்துப் போயிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த புகையிலையை எடுத்து ஈரப்படுத்தித் தேய்த்துவிட்டார். சுருண்டு விழுந்தன. ரத்தம்தான் வெகுநேரம் நிற்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் ரோட்டுக்கு மேலே கட்டியிருக்கும் துணிப்பாலத்தில் ஒவ்வொன்றாகக் கடந்தன, கீழே கார்கள். குட்டியைச் சுமந்த ஒன்று மட்டும் பாதியில் நின்று எங்களைப் பார்த்தது.

கவர்க்கல்லில் கார்வர் மார்ஷ் சிலை. இங்கே தோட்டங்களை உருவாக்கிய வெள்ளைக்காரர், ஆனைமலையின் தந்தை என்கிறார்கள். அவர் சொல்லிக் காட்டை வெட்டியவர்கள் யாருக்குத் தந்தையோ.

ராத்திரி புரோட்டா சாப்பிடக் கிளம்பினேன். லாட்ஜ்காரர் வாசலில் மறித்தார். "சிவப்பு லைட் எரியுதுங்க. போகாதீங்க." முக்கில் கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் யானை வந்தால் செல்போனிலிருந்தே இதை எரிய விடுகிறார்கள்; சுற்று வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து செய்த ஏற்பாடு. காடாக இருந்த இடமெல்லாம் தேயிலை ஆகிவிட்டது, நடுவே துண்டு துண்டாகச் சோலைகள்தான் மிச்சம். யானைகள் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ரேஷன் அரிசி வாசனைக்குச் சுவரை இடித்ததும் உண்டாம்.

எட்டு மணிக்கே ஊர் ஏன் அடங்குகிறது என்று இப்போது தெரிந்தது. லாட்ஜ்காரர் வீட்டிலிருந்து இட்லி வந்தது. சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிளை முறிகிற சத்தம்கூட இல்லை. தூக்கமும் இல்லை.

நவம்பர் 25, திங்கள்

காலையில் விளக்கு அணைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சூடு ஆறாத யானைச் சாணம். ஸ்கூல் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே போனார்கள்.

திரும்பும்போதும் அதே கண்டக்டர். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பின் சீட்டுக்கு டிக்கெட் போடப் போய்விட்டார்.