கிணற்றில் 25 சுற்று: கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்கு 12 வாரம்

ஸ்பிரிண்ட் டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. ஈரத் துணியோடு ஹெல்மெட் மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்த டிரையத்லான் இதைப்போல இரண்டு மடங்கு: 1.5, 40, 10 கி.மீ. முதல் போட்டிக்கு ஸ்பிரிண்டே போதும். கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கு ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் ரோடு உண்டு. தண்ணீருக்குத்தான் வழி தேட வேண்டும்.

நவம்பர் கடைசியில் தொடங்கி, பிப்ரவரி நடுவில் சென்னைப் பக்கம் கடலில் போட்டி. இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே கிணறுதான். வடகிழக்கு மழை ஓயும் நேரத்தில் கிணறுகள் ததும்பி நிற்கும். மார்ச் தாண்டினால் இருபது படி இறங்கித்தான் தண்ணீரைத் தொட வேண்டும். மே மாதத்தில் பாதிக் கிணறுகளில் குட்டைதான் மிஞ்சும்.

வாரம் 1 முதல் 4 வரை: நீச்சல்

கே.ஆர்.பி. அணை பக்கத்திலேயே இருக்கிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். கரையோரச் சேறு காலை இழுக்கும், களை சுற்றும், ஷட்டர் திறந்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று மேலிருந்து பார்த்தால் புரியாது. ஒகேனக்கல் இன்னும் மோசம். பாறை இடுக்கில் சுழல், போதாக்குறைக்கு முதலை. மிச்சம் விவசாயக் கிணறு. பாறை வெட்டிய சதுரக் கிணறு, 12-க்கு 12 மீட்டர், உருப்படியான படிக்கட்டு. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இறங்கும் முன் பார்க்க வேண்டியது மோட்டார். மும்முனை கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி பல மோட்டார் கொட்டகைகளில் ஆட்டோ சுவிட்ச் போட்டிருப்பார்கள். சிலர் வீட்டிலிருந்தே போனில் ஸ்டார்ட் செய்கிறார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கேபிளில் ஓரிடத்தில் உறை உரிந்திருந்தால் போதும், உள்ளே இருப்பவர் பிழைப்பது கஷ்டம். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தினால் பத்தாது. மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, மேலே உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். "அண்ணா, நாளைக்குக் காலையில ஆறிலிருந்து ஏழு வரைக்கும் மோட்டார் போடாதீங்க" என்று கிணற்றுக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது. மேலே ஒரு ஆள் கட்டாயம். அவர் பக்கத்தில் காற்றடித்த லாரி டியூபும் அதில் முடிந்த தாம்புக்கயிறும் இருக்க வேண்டும். குதிப்பது கூடாது, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேலிருந்து பார்த்தால் தெரியாது.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுற்றினால் கணக்குப்படி ஒரு சுற்று 36 மீட்டர், 750-க்கு 21 சுற்று. ஆனால் மூலையில் எல்லோரும் வளைத்துத்தான் திரும்புவார்கள். ஒரு சுற்றை 30 மீட்டர் என்று வைத்து, 25 சுற்று போவதுதான் நேர்மை. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரே பக்கம் மூச்சு வாங்கிப் பழகி, கடலில் அலை அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் நாளில் ஒவ்வொரு மூச்சுக்கும் உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

சுற்றிச் சுற்றி வருவதில் உள்ள குறை, நேராகத் தொடர்ந்து கை வீச முடியாதது. அதற்குக் கட்டி நீந்தும் முறை. பழைய 26 இஞ்ச் சைக்கிள் டியூபை காற்றடிக்கும் மவுத் இருக்கும் இடத்தில் வெட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ரப்பர் கிடைக்கும். ஒரு முனையைப் படிக்கட்டு ஓர இரும்பு வளையத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பு பெல்ட்டின் முதுகுப்பக்கம் மாட்டினால், நீந்துவீர்கள், ஆனால் நகர மாட்டீர்கள். தூரக் கணக்கு கிடையாது, நேரக் கணக்குதான்: 4 நிமிடம் நீந்தி 1 நிமிடம் ஓய்வு, ஐந்து முறை. நாலாவது வாரத்தில் 10 நிமிடம் இரண்டு முறை.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. வளையம் உயரத்தில் இருந்தால் ரப்பர் இடுப்பை மேல்நோக்கித் தூக்கும். உடம்பு அழகாக மிதப்பதுபோல் இருக்கும், கால் கீழே தொங்கும் குறை மறைந்துவிடும். அவிழ்த்துவிட்டு நீந்திப் பார்த்தால் பழையபடி பின்பக்கம் முழுகும். வளையத்தை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே மட்டும் வைத்து, வாரம் ஒருநாள் கட்டாமல் நீந்த வேண்டும். கால் தொங்குவதற்கு முக்கியக் காரணம், மூச்சுக்காகத் தலையை நிமிர்த்துவது. தலை நாலு விரல் மேலே போனால் இடுப்பு அதைவிடக் கீழே போகும். ஒரு காதும் ஒரு கண்ணும் தண்ணீரிலேயே இருக்கட்டும், வாய் மட்டும் வெளியே வரட்டும். மூச்சை முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே குமிழியாக விட்டு முடித்திருக்க வேண்டும். வெளியே வந்த பிறகு விட்டு, பிறகு இழுக்க நேரம் கிடையாது. "தம் பத்தலை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே காற்று அதிகம், வெளியேற்றுவதுதான் குறைவு.

கிணற்றில் கிடைக்கும் பெரிய லாபம் இருட்டு. நீச்சல் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்தே போகலாம். கிணற்றிலும் கடலிலும் கீழே ஒன்றும் தெரியாது. எதிர்ச்சுவரில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டு, எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முதலைபோல் மேலே தூக்கிப் பார்த்துப் பழக வேண்டும். பார்ப்பது ஒரு வீச்சு, மூச்சு அதற்கடுத்த வீச்சு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தலை அதிகம் எழும்பும்.

சிறிய தொந்தரவுகள்: பாசிப் பருவத்தில் உடம்பு அரிக்கும், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்துத் தட்டினால் போதும், ஹேர்பின் வேண்டாம். டிசம்பர் விடியலில் மேல்தண்ணீரும் ஜில்லென்று இருக்கும். இறங்கியதும் மூச்சு திக்கும். அரை நிமிடம் படியைப் பிடித்துக்கொண்டு முகத்தை நனைத்த பிறகு தொடங்கினால் அடங்கிவிடும்.

வாரம் 5 முதல் 8 வரை: சைக்கிள்

சாதாரண ஹைப்ரிட் சைக்கிளே முதல் போட்டிக்குப் போதும். 35 மி.மீ. அகல டயரை 28 அல்லது 32-க்கு மாற்றினால் இன்னும் லேசாக உருளும். 65 கிலோ ஆளுக்கு 28 டயரில் முன்னால் 75, பின்னால் 80 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, ரோட்டுக்கு ஏற்றபடி ஐந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மெல்லிய பிரெஸ்டா மவுத் என்றால் நம் பஞ்சர் கடை கம்பிரஸர் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை மவுத்திலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய டியூப் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, இரண்டு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

பயிற்சிக்கு மூன்று பாதை. அணை ரோடு தட்டை, நிதானமாக மிதிக்க ஏற்றது. ராயக்கோட்டை ரோடு ஏறி இறங்கும். சூளகிரி வழியாக ஓசூர்ப் பக்கம் போனால் மொத்தமாக ஏற்றம்தான்; ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகத் தாழ்வு. திரும்பி வரும்போது கிடைக்கும் வேகத்தை நோட்டில் எழுதி ஏமாறாதீர்கள். நெடுஞ்சாலையின் மெயின் ரோட்டை விட்டு சர்வீஸ் ரோட்டிலேயே போவது உத்தமம். தொப்பூர் கணவாய்ப் பக்கம் சைக்கிளே வேண்டாம், பிரேக் சூடேறிய லாரிகள் இறங்குகிற இடம் அது.

டிசம்பர், ஜனவரியில் நம் பக்கத்துக்கே உரிய தடை ஒன்று உண்டு. ராகிக் கதிரையும் கொள்ளுக்கொடியையும் வண்டி ஏறி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அவர்கள் வயிற்றுப்பாடு, குறை சொல்வதற்கில்லை. ராகி மேல் போகலாம், திரும்பும்போது மட்டும் வழுக்கும். கொள்ளுக்கொடி அப்படியல்ல. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், கியர் மாற்றியின் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவில் கயிறுபோல் சுற்றிவிடும். அப்போது அழுத்தி மிதித்தால் கியர் மாற்றி மாட்டியிருக்கும் கொக்கி வளையும், ஆரக்கம்பிக்குள்ளும் போகலாம். குவியலைப் பார்த்தால் மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள், இல்லை இறங்கித் தள்ளுங்கள். சுற்றிவிட்டால் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, கையால் உருவி எடுக்க வேண்டும்.

பஞ்சருக்கு மண்பாதையில் நெருஞ்சி முள், நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பி. முள் கண்ணுக்குத் தெரியும். கம்பி மயிரளவு, தெரியாது. டியூபை மாற்றிவிட்டு டயரைப் பார்க்காமல் பூட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடி காற்றிறங்கும். விரலால் தடவித் தேடினால் விரல் கிழியும். ஒரு சிட்டிகைப் பஞ்சை டயரின் உட்புறம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போங்கள், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அதை நகவெட்டியால் பிடுங்கிவிடலாம்.

வாரம் 9 முதல் 11 வரை: சேர்த்துச் செய்வது

தனித்தனியாக மூன்றும் வந்துவிட்டாலும், சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் ஒரு கி.மீ. வேறு உலகம். தொடை கல்லாகக் கனக்கும். கால் மெதுவாகப் போவதுபோல் தோன்றினாலும் மிதித்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்போம், இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கிவிடும். வாரம் இரண்டு முறை 15 கி.மீ. சைக்கிள், உடனே 2 கி.மீ. ஓட்டம். சைக்கிளின் கடைசி ஒரு கி.மீ. லேசான கியரில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்க வேண்டும். ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட 20 விநாடி தாமதமாக ஓட வேண்டும்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம்தான் மாற்றுமிடம். அதற்கான பயிற்சிக்கு மொட்டை மாடியும் ஒரு துண்டும் போதும். வரிசை மாறக் கூடாது: ஹெல்மெட், வாரை கிளிக் என்று பூட்டுவது, நம்பர் பெல்ட், ஷூ, அதன் பிறகே சைக்கிளைத் தொடுவது. திரும்பி வந்ததும் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகே வாரை அவிழ்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் நடுவர் நிறுத்துவார். ஷூவுக்கு முடிச்சுப் போடும் கயிறு வேண்டாம், எலாஸ்டிக் கயிறு மாட்டுங்கள். குதிகால் உரசும் இடத்தில் வாசலின், உள்ளே கொஞ்சம் பவுடர். தொடக்கத்தில் 4 நிமிடம் ஆகும் வேலை, பத்து நாளில் ஒன்றரை நிமிடத்துக்கு வரும். ஓட்டத்தில் ஒன்றரை நிமிடம் குறைக்க எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும்.

குடிக்க: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. வெல்லமும் போடலாம், ஆனால் துணியில் வடிகட்டாவிட்டால் மண் பாட்டில் மூக்கை அடைக்கும், வெயிலில் நாலு மணி நேரம் வைத்தால் புளிக்கும். ஸ்பிரிண்டுக்கு சைக்கிளில் 600 மி.லி. ஒரு பாட்டில் போதும். ராகிக் களி பயிற்சிக் காலத்துக்கு நல்ல சாப்பாடுதான், போட்டி நாள் காலையில் கூடாது. நார்ச்சத்து அதிகம், ஓடும்போது வயிறு பேசும். மூன்று மணி நேரம் முன்னால் நாலு இட்லியும் சர்க்கரையும் சாப்பிட்டால் வம்பில்லை.

போட்டி நாள்

என் நோட்டில் போட்ட திட்டம்: நீச்சல் 20 நிமிடம், முதல் மாற்றம் 2, சைக்கிள் 40, இரண்டாம் மாற்றம் 1:30, ஓட்டம் 31. மொத்தம் 1 மணி 34 நிமிடம் 30 விநாடி. நடந்தது: 23:40, 3:05, 42:20, 1:25, 32:30. மொத்தம் 1 மணி 43 நிமிடம்.

நீச்சலில் போன 3:40-க்குக் காரணம் வேகக் குறைவு இல்லை. வங்கக் கடலில் விடியலில் உள்ளே நீந்துவது என்றால் நேரே சூரியனைப் பார்த்து நீந்துவது. வெள்ளை நீச்சல் கண்ணாடி போட்டால் வழி காட்டும் மிதவை கண்ணில் படாது, ஒளிதான் படும். வளைந்து வளைந்து போக வேண்டிவரும். கிணற்றுச் சுவரில் வெயில் ஏறும் முன்பே பயிற்சி முடிந்துவிடுவதால் இந்தக் குறை அங்கே தெரிய வழியே இல்லை. கறுப்பு அல்லது ஆடி பூசிய கண்ணாடிதான் சரி. கரையில் நிற்கும்போதே மிதவைக்குப் பின்னால் பெரிதாக ஏதாவது படகு, கம்பம் தெரிந்தால் அதைக் குறி வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று கூட்டம்: முதல் நூறு மீட்டரில் உதை விழும், கண்ணாடி நழுவும். ஓரமாக, பின்வரிசையில் நின்று, மற்றவர்கள் போன பிறகு பத்து விநாடி கழித்து இறங்கினால் இழப்பைவிட லாபம் அதிகம். கழுத்தில் வாசலின் தடவிய கையோடு கண்ணாடியைத் தொடாதீர்கள்.

முதல் மாற்றத்தில் கூடுதலாகப் போன ஒரு நிமிடம் மணல். கடலிலிருந்து ஸ்டாண்டு வரை ஓட்டம், காலெல்லாம் மணல். ஷூ பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் சின்னத் துண்டும் வைத்திருந்தால் பாதி மிச்சமாகும்.

சைக்கிளில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துப் போக, பொதுப்பிரிவுப் போட்டிகளில் பெரும்பாலும் அனுமதி இல்லை. இடைவெளி 10 மீட்டரா 12 மீட்டரா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், முந்தின நாள் விளக்கக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை ரோடு தட்டை, காற்று மட்டும் திரும்பும்போது எதிர்த்தது. நம் ஏற்றங்களில் பழகியவருக்கு இது பெரிதில்லை. ஓட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை. முதல் கிலோமீட்டர் தாமதமாக ஓடியது கடைசி கிலோமீட்டரில் திரும்பக் கிடைத்தது.

ஊர் திரும்பிய அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நனைந்த உடம்பிலிருந்து சொட்டிய கடல்நீர் ஹேண்டில் போல்ட்டிலும் சீட் கம்பியிலும்தான் இறங்கும். இரண்டு வாரம் விட்டால் துரு பிடித்து, ஆலன் கீ வழுக்கும். சீட் கம்பியை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி இறக்குங்கள். செயினை டீசலில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே எண்ணெய், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு.