கல்வாரியும் காலிக் கல்லறையும் ஒரே கூரையின் கீழ்

எருசலேமின் ஒலிவ மலைச் சரிவில், பழைய நகரத்தை எதிர்நோக்கியபடி, கண்ணீர்த் துளியின் வடிவில் ஒரு சிற்றாலயம் நிற்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூசியின் வடிவமைப்பில் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வாலயம், ஆண்டவர் நகரைக் கண்டு அழுததை நினைவுகூர்கிறது. எங்கள் திருப்பயணக் குழு அங்கே லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தை வாசித்தது. குருத்து ஞாயிறு என்றாலே முழக்கம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் சீடர் கூட்டம் உரத்த குரலில் கடவுளைப் புகழ்ந்துகொண்டு மலையிலிருந்து இறங்கும் அதே வேளையில், நகரம் கண்ணில் பட்டதும் இயேசு அழுகிறார். அந்த முழக்கத்தை அவர் அடக்கவும் இல்லை. இவர்கள் பேசாதிருந்தால் கற்களே கத்தும் என்று சற்று முன்தான் பரிசேயருக்குச் சொல்லியிருந்தார்.

மலையடிவாரத்தில் கெத்சமனித் தோட்டத்து ஆலயத்தின் ஊதா நிறக் கண்ணாடிகளுக்குள் சிறிது நேரம் செபித்துவிட்டு, சிலுவைப்பாதை வழியே திருக்கல்லறை ஆலயத்தை அடைந்தோம்.

நுழைந்ததும் வலப்புறம் செங்குத்தான படிகள், இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமான கல்வாரிக்கு ஏறுகின்றன. மேலே பலிபீடத்தின் அடியில் உள்ள துளைக்குள் கையை விட்டால் பாறையைத் தொடலாம். இறங்கினால், ஆண்டவரின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசப்பட்டதை நினைவுகூரும் கல். அதைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் காலிக் கல்லறை. கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் எழுந்து 335இல் அர்ப்பணிக்கப்பட்ட முதல் ஆலயத்தில் கல்வாரிக்கும் கல்லறைக்கும் நடுவே திறந்த முற்றம் இருந்தது. 1009இல் அது இடிக்கப்பட்டு மீண்டும் எழுந்தபின், 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க்காலக் கட்டடக்காரர்களே இரண்டையும் ஒரே கூரைக்குள் இணைத்தனர். அவர்கள் செய்தது நற்செய்திக்கு மிகவும் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். சிலுவையில் அறையப்பட்ட இடத்திலேயே ஒரு தோட்டம் இருந்தது என்றும், கல்லறை அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது என்றும் யோவான் எழுதுகிறார்.

என் தந்தை இறந்தபோது, 'விசுவாசிகள் அழக்கூடாது, அவர் ஆண்டவரிடம் இருக்கிறார்' என்று அன்போடு ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவர்களுடைய நம்பிக்கையே என் நம்பிக்கையும். ஆயினும் அழாமல் இருக்க என்னால் முடியவில்லை. கல்லறைக்குள் நுழையக் காத்திருந்த நீண்ட வரிசையில் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். உயிர்த்தவர் சீடர்களிடம் வந்து முதலில் காட்டுவது தம் கைகளையும் விலாவையும்தான். அந்தக் காயங்களைக் கண்டபோதுதான் அவர்கள் மகிழ்ந்தார்கள். சாவை வென்ற உடலிலும் ஆணிகளின் தழும்பு நீங்கவில்லை என்றால், உயிர்ப்பை நம்புகிறவன் தன் துயரத்தை மறைத்துக்கொள்ள வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? வலி நீங்க வேண்டும் என்று மன்றாடுவதற்காக வந்த நான், உள்ளே கிடைத்த மிகச் சில நொடிகளில், தந்தையை எனக்குத் தந்ததற்காக அழுதுகொண்டே நன்றி மட்டும் சொன்னேன்.

பிரான்சிஸ்கன் துறவியர் இவ்வாலயத்துக்குள் நாள்தோறும் பிற்பகலில் பாடிக்கொண்டு பவனி செல்கின்றனர்; அன்று நாங்களும் மெழுகுதிரி ஏந்திப் பின்தொடர்ந்தோம். பவனி கல்வாரிக்கு ஏறி இறங்கி, கல்லறையைச் சுற்றி, மகதலா மரியாவின் பலிபீடத்தில் நின்றது. ஆண்டவரைக் காணவில்லையே என்று கல்லறை வாசலில் அழுதுகொண்டிருந்தவர் அவர். தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் ஆண்டவரை அடையாளம் கண்டவரும் அவர்தான். அழுகையை அடக்கிக்கொண்டு வந்தவருக்கு அல்ல, அழுதுகொண்டே நின்ற அந்தப் பெண்ணுக்குத்தான் உயிர்ப்பின் செய்தியைச் சீடர்களிடம் கொண்டு செல்லும் பணி முதலில் ஒப்படைக்கப்பட்டது.